எட்டு பிட் சிநேகம்

மண்ணூரில் அந்த வீட்டைக் கண்டுபிடிக்க வசந்தகுமாருக்குச் சிரமமே இருக்கவில்லை. காரை வாசலில் நிறுத்திவிட்டுத் தோள்பையை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டார். பைக்குள், எண்பதுகளில் வந்த எட்டு பிட் ஸ்பெக்ட்ரம் கம்ப்யூட்டர் ஒன்று இருந்தது. உயிர் போய்ப் பல வருடமான மெஷின். வெளியே மட்டும் துடைத்துப் பளிச்சென்று வைத்திருந்தார்.

வீட்டுக்குள் இருந்தது அதே மாதிரி, உயிருள்ள மெஷின்.

பழைய வீட்டுக் கம்ப்யூட்டர் பிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் நெல்லையப்பன் என்பவர் அதன் படத்தைப் போட்டிருந்தார். ஒரகடத்தில் ஏதோ ஒரு கம்பெனியில் மேனேஜர். நேரில் பார்த்ததில்லை. விற்பதற்கில்லை, ஆனால் ஞாயிற்றுக்கிழமை மதியம் வந்தால் பார்க்கலாம், பேசிக்கொண்டிருக்கலாம் என்று எழுதியிருந்தார்.

அவர் கொஞ்சம் அந்தப் பக்கம் போகும்போது செத்ததை வைத்துவிட்டு உயிருள்ளதை எடுத்துக்கொள்வது என்பது வசந்தகுமாரின் திட்டம். இத்தனை வயதான மெஷின் திடீரென்று நின்றுபோனால் யாரும் யாரையும் சந்தேகப்படப் போவதில்லை.

காலிங் பெல்லை இரண்டு முறை அழுத்திய பிறகுதான் கதவு திறந்தது. ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர், நெற்றியெல்லாம் வியர்வையோடு நின்றார்.

"வணக்கம் சார். வசந்தகுமார். கம்ப்யூட்டர் பாக்க வரேன்னு குரூப்ல சொல்லியிருந்தேனே."

அவர் தெருவை ஒருமுறை பார்த்தார். "ஆங், கம்ப்யூட்டரா. வாங்க சார். உள்ள வாங்க."

பெயர் தெற்கத்திப் பெயர், பேச்சு மெட்ராஸ் பேச்சு. இந்தப் பக்கம் வந்து ரொம்ப வருடம் ஆகியிருக்கும் என்று வசந்தகுமார் நினைத்துக்கொண்டார்.

ஹாலில் டி.வி.யோடு இணைத்து, மேஜைமேல் மெஷின் இருந்தது. ரப்பர் பட்டன்களைப் பார்த்ததும் வந்த வேலை அவருக்கு மறந்துவிட்டது.

"கேசட்லேர்ந்து புரோகிராம் ஏத்தும்போது கீச்சு கீச்சுனு கத்துமே, ஞாபகம் இருக்கா சார்?"

"மறக்குமா? அஞ்சு நிமிஷம் கத்தும். கடைசியா எரர்னு வரும். திரும்பி முதல்லேர்ந்து போடணும்." அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "எங்க ஸ்கூலாண்ட ஒரு டி.வி. ரிப்பேர் கடை. ஓனர் இதே மாதிரி ஒண்ணு வெச்சிருந்தாரு. கடைய பெருக்கி விட்டா கொஞ்ச நேரம் தொட வுடுவாரு. நான் தெனமும் பெருக்குவேன்."

ஸ்விட்சைப் போட்டதும் அவரே நிதானமாகத் தட்டினார். இரண்டே வரி. திரை முழுக்க ஆங்கில எழுத்தில் 'மீனம்மாள்' என்று ஓட ஆரம்பித்தது.

"எங்கம்மா பேரு சார். அன்னிக்கும் இதான் அடிச்சேன்."

இந்த மனிதரிடமா இதைச் செய்யப் போகிறோம் என்று வசந்தகுமாருக்குத் தோன்றியது. பேச்சை மாற்றினார்.

"இது உங்களுக்கு எப்படிக் கெடைச்சது?"

"அதெல்லாம் இன்னா சார், இன்னிக்கித்தான் கைக்கு வந்த மாதிரி கீது."

பிறகு, தண்ணீர் கொண்டுவருகிறேன் என்று எழுந்து போனார். சமையலறையில் டப்பாக்கள் உருண்டன. அடுத்த அறையில் அலமாரி திறந்து மூடும் சத்தம் கேட்டது.

"டம்ளர எங்க வெச்சித் தொலைச்சாளோ தெர்ல சார். வூட்டுல வெளிய போயிருக்கா."

"மெதுவா வாங்க சார்" என்றார் வசந்தகுமார். கை அதற்குள் ஒயர்களைக் கழற்றிக்கொண்டிருந்தது. மீனம்மாள் மறைந்தாள். மெஷின்கள் இடம் மாறின.

தண்ணீரோடு வந்தவர் திரையைப் பார்த்தார்.

"சூடாயிடுச்சு. அதான் ஆஃப் பண்ணிட்டேன்" என்றார் வசந்தகுமார்.

"நல்லதாப் போச்சி. நானும் கெளம்பணும் சார். பொண்ணு வூட்டுக்கு கொஞ்சம் சாமான் எடுத்துக்கினு போறேன்."

இரண்டு பெரிய பைகள். ஒன்றைத் தூக்கவே அவர் திணறினார். குற்ற உணர்ச்சியில் வசந்தகுமார் அதை வாங்கிக்கொண்டார்.

"பஸ் ஸ்டாண்டுல எறக்கிவிடறேன், வாங்க சார்."

"ஒங்களுக்கு எதுக்கு சார் தொந்தரவு" என்றபடியே அவர் அடுத்த பையை எடுத்துக்கொண்டார். வாசலில் ஒரு நிமிடம் நின்று மேஜையைத் திரும்பிப் பார்த்தார். "இத எடுத்துக்கினு போவலாம்னுதான் இருந்தேன். எடம் இல்ல. பத்திரமா இங்கியே இருக்கட்டும்."

வசந்தகுமார் அவர் முகத்தைப் பார்க்காமல் காரில் ஏறினார். ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்ட் வரை கேசட், ரப்பர் பட்டன் என்று அவர்தான் பேசிக்கொண்டு வந்தார். இறங்கியதும் வசந்தகுமாரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ரொம்ப நாள் கழிச்சி மனசு விட்டு பேசினேன் சார். நல்லா இருங்க."

பைகளோடு அவர் கூட்டத்தில் மறைந்தார். வசந்தகுமார் பெருமூச்சு விட்டு, சைலண்டில் போட்டிருந்த ஃபோனை எடுத்தார். அந்த வீட்டு காலிங் பெல்லை அழுத்துவதற்கு முன்பே வந்திருந்த ஒரு செய்தி படிக்கப்படாமல் கிடந்தது. நெல்லையப்பன் அனுப்பியிருந்தார்.

"மன்னிக்கணும் சார், புரொடக்‌ஷன் லைன்ல பிரேக்டவுன்னு திடீர்னு கம்பெனிக்குக் கூப்பிட்டுட்டாங்க. அடுத்த ஞாயிறு வெச்சுக்கலாம், இன்னிக்கு வீட்டுல யாருமே இல்ல."