எதிர் மாடியைப் பார்த்த ஸ்பீக்கர்

இதில் ஒரு சொல் பொய்யென்றாலும், மிச்சமிருக்கிற பல்லும் எனக்கு இன்றைக்கே கொட்டிப்போகட்டும்.

டமாரம் அன்றைக்கு ஹாலில் நிறுத்திய ஸ்பீக்கர், கூட்டம் உட்காரப்போகிற பக்கத்தைப் பார்க்கவில்லை. ஜன்னலைப் பார்த்தது.

ஜன்னலுக்கு வெளியே ஒரு சின்னத் தெரு. தெருவைத் தாண்டினால் ஒரு மாடி வீடு. அந்த மாடியில்தான், கோபித்துக்கொண்டு போன அவருடைய மனைவி இருக்கிறாள்.

டமாரம் என்பது தொழிலில் வந்த பெயர். கல்யாணமோ பிறந்தநாளோ கம்பெனி விழாவோ, டி.ஜே. அவர்தான். வெளியே மைக்கும் கையுமாக முழங்குகிற மனிதருக்கு, வீட்டுப்படி ஏறியதும் வாயில் பூட்டு. சாப்பாடு நன்றாக இருந்தால் ‘ம்’. வாயில் வைக்க முடியாவிட்டாலும் ‘ம்’.

அந்த ‘ம்’மோடு பல வருஷம் குடித்தனம் நடத்திய மனைவி ஒரு நாள் கேட்டாள்: “ஊருக்கெல்லாம் ஹலோ சொல்றீங்களே, எனக்கு ஒரு தடவை சொல்லியிருக்கீங்களா?”

அதற்கும் அவர் ‘ம்’ என்றார்.

அவள் பெட்டியை எடுத்துக்கொண்டாள்.

ஒருமுறை அந்த மாடிப்படி வரைக்கும் போனார். செருப்பைக் கழற்றினார். மறுபடி மாட்டிக்கொண்டு திரும்பிவிட்டார். மைக் இல்லாமல் அவருக்கு நாக்கு புரளாது.

அப்புறம்தான் இந்த ஹாலில் விழா என்று ஆர்டர் வந்தது. மைக் டெஸ்ட் நேரத்தில் யார் என்ன சொன்னாலும் ஒருவரும் காதில் வாங்கமாட்டார்கள். கூப்பிட வேண்டியவளைக் கூப்பிட இதைவிட நல்ல நேரம் கிடைக்காது. இதை விட்டால் இனி அவரால் ஆகவும் ஆகாது.

மச்சினன் தரையில் குந்தி, கேபிளின் மேல் கறுப்பு டேப் ஒட்டிக்கொண்டிருந்தான். மனைவியின் கூடப்பிறந்த தம்பி. வேன் ஓட்டுவதும் அவன்தான். காலையிலிருந்தே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான்.

“மாமா, ஜனங்க இந்தப் பக்கம் உக்காருவாங்க. தெருவுல போற நாய்க்கா பாட்டு போடப்போறீங்க?”

“சவுண்டு எதிர்ச் சுவத்துல பட்டுத் திரும்பி வரும் மாப்ள. உனக்கு என்ன தெரியும்?”

“திரும்பி வராது மாமா,” என்றான் அவன், தலையைத் தூக்காமல்.

காலையில் வேனுக்குள் வயர்களுக்கு நடுவே ஒரு சிவப்புத் துணிக்கிளிப் கிடந்தது. தொங்கிக்கொண்டிருந்த மைக் வயரை ஜன்னல் கம்பியோடு சேர்த்து அந்தக் கிளிப்பால் கவ்வ வைத்தார் டமாரம்.

பிறகு ஸ்பீக்கரின் பேஸ் சத்தத்தைத் திறந்துவிட்டார்.

மதிற்சுவரில் உட்கார்ந்திருந்த காக்கா, பறப்பதை மறந்து நடந்தே போனது. வாட்ச்மேனின் பொய்ப்பல் நழுவி டீக்குள் விழுந்து, ஒரு சுற்று நீந்திவிட்டுத் தானாக வாய்க்குத் திரும்பியது.

எதிர் மாடியில் அலமாரி டம்ளர்கள் விளிம்பு வரை வந்து, கீழே எட்டிப் பார்த்து, பயந்துபோய் உள்ளே நகர்ந்தன. நின்றுபோயிருந்த சுவர்க்கடிகாரம் ஓடத் தொடங்கியது. வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த மனைவி கத்தியைக் கீழே வைத்தாள்.

“ஹலோ,” என்றார் டமாரம். “ஹலோ. செக். செக்.”

அதற்கு மேல் வரவில்லை. தொண்டையைச் செருமினார். அந்தச் செருமலில், தெருவோரம் நின்ற ஸ்கூட்டர் ஒன்று யாரும் உதைக்காமலே கிளம்பியது.

மனைவி ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு எழுந்தாள். ஜன்னலுக்கு வந்தாள். தாழ்ப்பாளில் கை வைத்தாள்.

டமாரம் கண்ணை மூடிக்கொண்டார்.

“ஹலோ… நான்தான். தப்பு எம்மேலதான். வீட்டுல… வீட்டுல சத்தமே இல்ல. வந்துடு.”

நாற்காலி போட்டுக்கொண்டிருந்தவர்களில் ஒருவர்கூடத் திரும்பவில்லை. மைக் டெஸ்ட்தானே.

கண்ணைத் திறந்தார். ஜன்னல் மூடியே இருந்தது.

தாழ்ப்பாள் துருப்பிடித்திருக்கும். அந்தப் பக்கம் நின்று இழுத்துக்கொண்டிருப்பாள்.

வால்யூமை இன்னும் கொஞ்சம் ஏற்றினார். “ஹலோ,” என்றார்.

மச்சினன், ஒட்டி முடித்த டேப்பை உரித்து, அதே இடத்தில் மறுபடி ஒட்டினான்.

அந்த மாடி போன மாதமே காலி. டமாரம் மனசுக்குள் ஆடவிட்ட அந்த டம்ளர், கடிகாரம், துணிக்கொடியோடு அக்காவை வேறு ஊரில் கொண்டுபோய் இறக்கியது, ஸ்பீக்கர் வந்த இதே வேன்தான்.