கருட சேவை விழுப்புண்கள்

பெருமாளுக்காக முறியாத எலும்பே சக்ரவர்த்தியின் வம்சத்தில் கிடையாது. எலும்பு டாக்டரிடமும் அதையே சொன்னார்.

மகள் லக்ஷணாவுக்கு ஒன்பது வயதுக்குள் இது நான்காவது மாவுக்கட்டு.

"சின்ன வயசுலயே எலும்பு பலமில்லாம போற நோயோன்னு சந்தேகமா இருக்குது சார். பரம்பரையா வர்றது. உங்க பக்கம் யாருக்காவது இருந்துதுன்னா சொல்லுங்க, வைத்தியத்தைத் தள்ளிப்போட வேணாம்."

"நோயா? எங்காத்துல எல்லாம் விழுப்புண். தாத்தாவுக்கு இடுப்பு, அப்பாவுக்கு முதுகு, எனக்குப் பத்து வயசுல மணிக்கட்டு. எல்லாம் கருட சேவையில முறிஞ்சது. சொத்தை எலும்பு இவ பொறந்தாத்துச் சீதனம்."

பக்கத்திலிருந்த மனைவி ரமாமணியைக் கை காட்டினார். டாக்டர் பேனாவை மூடினார்.

"பத்து வயசுலயே பெருமாளைத் தோள்ல தூக்கினீங்களா?"

சக்ரவர்த்தி மின்விசிறியைப் பார்த்தார்.

"குழந்தைக்காகவாவது சொல்லிடுங்கோ" என்றாள் ரமாமணி.

அவர் மகளின் மாவுக்கட்டைப் பார்த்தார். குரல் இறங்கியது.

"தூக்கறவா வேற குடும்பம், டாக்டர். நாங்க மூணு தலைமுறையா பக்கத்துல நின்னு சாமரம் வீசறவா. வீசறச்சேதான் முறிஞ்சது."

டாக்டர் பேனாவைத் திறந்து, 'தந்தை வழி' என்று எழுதினார்.

சாமரம் கால் கிலோ இருக்கும்.