விசில் கேட்கிற தூரம்

மழைக்கு முந்திய மஞ்சள் வெளிச்சம் கடைவாசலில் தொங்கும் பிளாஸ்டிக் வாளிகள்மேல் விழுந்து கிடக்கிறது. மூட்டை தூக்கிக் காய்த்த கையால் மெழுகுவர்த்தி, தீப்பெட்டி, டார்ச் பேட்டரி, நைலான் கயிறு என்று ஒவ்வொன்றாய்ப் பையில் போடுகிறார் அவர். கடைசியாக ஒரு சிவப்பு விசில். "இது எதுக்குண்ணே? கண்டக்டர் வேலைக்குப் போறீங்களா?" என்கிறாள் கடைக்காரி. "போன வெள்ளத்துல கதவு திறக்க முடியாம உள்ளயே கெடந்தேம்மா. கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போச்சு. உள்ள ஆள் இருக்குன்னே யாருக்கும் தெரியல." அவள் சிரிப்பை விழுங்கிக்கொள்கிறாள். "எதிர்ச் சந்துதானே? வீட்டுக்குப் போய் ஊதிப் பாருங்க. கேட்டா ஷட்டரை ரெண்டு தட்டு தட்டுறேன்."

அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, கன்னம் உப்ப ஊதுகிறார். சத்தம் சுவருக்குச் சுவர் மோதி அவர் காதையே அடைக்கிறது. கதவோடு காதை ஒட்டிவைத்து நிற்கிறார். மழை பிடித்துக்கொள்கிறது. அதற்குள்ளிருந்து ஷட்டரின் சத்தம் வருகிறது. தட்டுகிற சத்தமல்ல, கடகடவென்று இழுத்துக் கடையைச் சாத்துகிற சத்தம். பூட்டு மாட்டுவதுகூடக் கேட்கிறது. அவருக்கு எல்லாம் கேட்கிறது. நைலான் கயிற்றில் ஒரு துண்டு வெட்டி, விசிலைக் கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, இன்னொரு முறை ஊதுகிறார்.