கம்பெனி சைசே போதும்

“எந்த டயரு வேணும்னு உம் பையனக் கேளு” என்றார் சென்றாயன்.

பையன் இரண்டடி தள்ளித்தான் நின்றிருந்தான். சென்றாயனின் மனைவி தீர்த்தம்மாள் தலையை மட்டும் திருப்பினாள். “நவநீ, எந்த டயருன்னு கேக்கறாரு.”

“கம்பெனி சைசே போதும்னு சொல்லும்மா.”

“கம்பெனி சைசே போதுங்கறான்.”

தர்மபுரி பைபாஸில் டயர் கடை வைத்திருக்கும் கதிரவன் சிரித்துவிட்டான். “ஏங்கண்ணா, காது மந்தமா உங்களுக்கு?”

“காதெல்லாம் நல்லாத்தான் கேக்கும்” என்றாள் தீர்த்தம்மாள். “பேச்சுதான் இல்ல. பதினோரு மாசமா எனக்கு இதான் வேல.” பஸ் நேரம் சொல்வதுபோலத்தான் சொன்னாள்.

“எனக்கும் எங்க மாமனாருக்கும் ரெண்டு வருசம் இப்படித்தாங்க்கா ஓடுச்சு. ஒரு கெடா வெட்டுல எல வரிசையில பக்கத்துல உக்கார வெச்சுட்டாங்க. கறியப் பார்த்ததும் பேசிட்டாரு.”

“எங்களுது கெடா வெட்டுல தீராது தம்பி.”

வெளியே நின்ற ஃபோர் வீல் டிரைவ் ஜீப்பை செகண்ட் ஹேண்டில் வாங்கி ஒரு வாரம்தான் ஆகிறது. நாலு டயரும் வழுக்கை. சென்றாயன் உள்ளே அடுக்கியிருந்ததில் இருப்பதிலேயே பெரியதைத் தட்டிப் பார்த்தார்.

“எங்கண்ணா டூரு?”

“ராமேஸ்வரம்.”

“அதுக்கு எதுக்குண்ணா இவ்ளோ பெருசு? ரோடுதான் வழவழன்னு கெடக்குதே.”

“பெருசா இருந்தாத்தான் வண்டி தரையக் கவ்விப் பிடிக்கும். அதான் பத்திரம். குடகு, வயநாடுன்னு வருசா வருசம் குடும்பத்தோட போவோம். பழைய ஜீப்புக்கும் ஓசூரு வரைக்கும் போயி நானேதான் இதே மாதிரி பெருசாப் பார்த்துப் பார்த்துப் போட்டேன்.”

“அந்த ஜீப்ப வித்துட்டீங்களா?”

சென்றாயன் டயரின் பட்டைகளை விரலால் எண்ணுவதுபோல் தடவினார். தீர்த்தம்மாள்தான் பதில் சொன்னாள்.

“தொப்பூரு எறக்கத்துல கவுந்து போச்சு. எம் பொண்ணு அன்பரசி அதுலதான் போயிட்டா. சேலத்துல காலேஜில வுடறதுக்கு அண்ணங்காரன் இவந்தான் ஓட்டிக்கிட்டுப் போனான். வர்ற மாசம் வருசம். அதுக்குத்தான் ராமேஸ்வரம்.”

கதிரவன் கையிலிருந்த அழுக்குத் துணியை மடித்தான், மறுபடி பிரித்தான். “தெரியாம கேட்டுட்டேங்க்கா.”

“அறுபதத் தாண்டலன்னு ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டுச் சத்தியம் பண்ணுனான்” என்றார் சென்றாயன், டயரிடம் சொல்வதுபோல. “செத்த தங்கச்சி பேருல சத்தியம். ரோட்டுக் கேமராவுல பார்த்தா அறுபத்தாறு. பத்தாம் நாளு மெக்கானிக்கோட போயி நொறுங்குன வண்டியப் பார்த்துட்டு வந்தான். வந்து, ஆமா, வேகமாத்தான் ஓட்டுனேன், பொய் சொல்லிட்டேங்கறான். வேகத்தக்கூட வுட்டுருப்பேன் தம்பி. அந்தப் பொய்ய வுட முடியல.”

நவநீதன் தரையில் கிடந்த ஒரு வால்வு மூடியைச் செருப்பால் உருட்டிக்கொண்டிருந்தான்.

டீ வந்தது. “குடிக்கறானான்னு கேளு. காலையிலயும் ஒண்ணும் சாப்புடல.”

“டீ குடிக்கிறியாடா?”

“வேணாம்மா.”

“வேணாமாம்.”

சென்றாயன் தன் டம்ளரையும் அப்படியே கீழே வைத்தார். “சரி, பெருசையே மாட்டுங்க தம்பி.”

“அம்மா, வேணாம்னு சொல்லு.”

“வேணாங்கறான்.”

“ஓட்டப்போறது நானு. இவனுக்கு என்ன வந்துச்சுன்னு கேளு.”

“மாட்டிடறேண்ணா” என்றான் கதிரவன். “மாட்டறதுக்கு முன்னாடி ஒண்ணு மட்டும் சொல்லிடறேன்...”

“அதெல்லாம் எதுக்குங்கண்ணா? கம்பெனி சைசே மாட்டுங்க, கெளம்பறோம்.” நவநீதன் அவசரமாகக் குறுக்கே வந்தான். கடைக்குள் நுழைந்ததிலிருந்து அவன் இவ்வளவு பேசியது இப்போதுதான்.

“இரு தம்பி, சொல்லாம மாட்டுனா எனக்குத்தான் பாவம். பெரிய டயரு ஒரு சுத்துக்கு அதிக தூரம் ஓடும்ணா. மீட்டருக்கு அது தெரியாது, சின்ன டயருன்னு நெனச்சுக்கிட்டே காட்டும். நீங்க அறுபதுன்னு பார்த்துக்கிட்டு இருப்பீங்க, வண்டி அறுபத்தஞ்சு, அறுபத்தாறுல போவும். வெயிட்டும் ஏறுதா, பிரேக் அடிச்சாலும் கொஞ்சம் தள்ளித்தான் நிக்கும். மொதல்ல மீட்டரச் சரி பண்ணிக்கணும். ஓசூருல சொன்னாங்களா?”

சென்றாயன் கையை டயரிலிருந்து எடுக்கவில்லை. வெளியே ஒரு லாரி போனது. டம்ளரில் டீ லேசாக ஆடி அடங்கியது.

“அப்ப அவன் மொதல்ல பண்ணுன சத்தியம்...” பதினோரு மாதப் பழக்கத்தில் அவர் மனைவி பக்கம் திரும்பினார். “அப்பறம் எதுக்குப் பொய்யின்னு ஒத்துக்கிட்டானாம்? கேளு.”

தீர்த்தம்மாள் கேட்கவில்லை. தலையைத் திருப்பவும் இல்லை.

நவநீதன் குனிந்து வால்வு மூடியை எடுத்து மேசைமேல் வைத்தான்.

“அது நீங்க பார்த்துப் பார்த்துப் போட்ட டயருப்பா.”