வேப்பிலையும் காய்ச்சலும்

குடிசை வாசலில் செருகிய வேப்பிலை மத்தியான வெயிலில் சுருண்டு தொங்குகிறது. நிலையில் சாய்ந்திருக்கும் பாஞ்சாலைக்குத் தட்டம்மைக் காய்ச்சல், முகம் கொதிக்கிறது. போன வாரம் இதே அம்மைதான் அவள் மகளைக் கொண்டுபோனது. கொடியில் அந்தச் சின்னப் பாவாடை ஆடுகிறது. ஜீப்பில் மலையேறி வந்த டாக்டரம்மா தணிந்த குரலில் சொல்கிறாள்: “கிருமி புகுந்த செல், இன்டர்ஃபெரான்னு ஒண்ண வெளிய அனுப்பும். அது பட்டதும் பக்கத்து செல்லுங்க புதுசா புரதம் செஞ்சுக்கும். அப்புறம் கிருமியால அங்க பெருக முடியாது. அந்தச் சண்டையிலதான் உடம்பு கொதிக்குது. சூடு தணிய இந்த மாத்திரையப் போடும்மா.” பாஞ்சாலை மாத்திரையைத் தள்ளிவிடுகிறாள். “ஆத்தா கோவிச்சுக்குவான்னு பயமா?” என்கிறாள் டாக்டரம்மா. “எம் பொண்ண தின்னது ஆத்தாவா?” எட்டி வேப்பிலையைப் பிடுங்கி வெயிலில் எறிகிறாள். “அந்தக் கிருமி இப்ப எனக்குள்ளதானே கீதுங்க? இந்தச் சூட்டுல வேவட்டும்.”