வணக்கம், மாமியாரே!

"வண்டி வந்தாச்சு!"

பயிற்சிக்கூடம் பரபரத்தது. பின்னே? வெளிநாட்டுப் படைக்கு ஆலோசகராகப் போக ஒரே ஒரு இடம். அந்நாட்டு ஜெனரலே நேரில் வந்து ஆளைத் தேர்ந்தெடுக்கப் போகிறார்.

அவரை ஏர்போர்ட்டிலிருந்து அழைத்து வந்த பெண் கேப்டன் ஓடி வந்து வரிசையில் நின்றாள். எல்லோருக்கும் அவள் 'பட்டாசு'.

"ஆளு எப்படிக்கா?" பக்கத்திலிருந்த லெப்டினன்ட் கிசுகிசுத்தான்.

"தங்கமான மனுஷன்டா. இந்த இடம் எனக்குத்தான். அம்மாகிட்ட பெட்டியே கட்டச் சொல்லிட்டேன்!"

பயிற்சி மேஜர் தொண்டையைச் செருமினார். "கடைசியா சொல்றேன். போற இடத்துல யாரையும் அவங்க ஆளுங்க எதிர்ல திருத்தாதீங்க. நாலு பேர் முன்னாடி மானம் போச்சுன்னா, அப்புறம் நீங்க என்ன சொன்னாலும் காதுல ஏறாது. அடுத்தது அவங்க மொழி வணக்கம். கடைசி எழுத்தை நீட்டினா 'வணக்கம் நண்பரே'. குறுக்கினா 'வணக்கம் மாமியாரே'. ஜாக்கிரதை!"

கொல்லென்று சிரிப்பு.

கதவு திறந்தது. கத்தை மீசையோடு ஜெனரல், பின்னால் அவருடைய அதிகாரிகள். மேஜர் நெஞ்சை நிமிர்த்தி, அவர்கள் மொழியில் வணக்கம் சொன்னார். அவர் முடிப்பதற்குள் அத்தனை பூட்ஸும் 'தடால்' என்று தரையை அறைந்தன.

வந்த அதிகாரிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

யாரும் கூப்பிடாமலே பட்டாசு ஒரு எட்டு முன்னால் வந்து சல்யூட் அடித்தாள். அதே வணக்கத்தை உரக்கக் கூவினாள். நன்றாகக் குறுக்கி!

அவ்வளவுதான். கூடமே வெடித்துச் சிரித்தது. வந்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். ஜெனரலுக்கும் மீசை குலுங்கியது.

மேஜருக்கு முகம் சிவந்துவிட்டது. "எத்தனை தடவை படிச்சுப் படிச்சுச் சொன்னேன்! ஒரு எழுத்து உருப்படியா வரல, நீ அடுத்தவனுக்கு ஆலோசனை சொல்லப் போறியா? உனக்கு இடம் கிடையாது. வெளியே போ!"

அத்தனை பேர் முன்னாலும்தான் சொன்னார். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"சரி சார்." சல்யூட் அடித்துவிட்டு வெளியேறினாள்.

"பட்டாசு நமுத்துப் போச்சே..." லெப்டினன்ட் முணுமுணுத்தான்.

ஜெனரல் நம் மொழியிலேயே, தட்டுத் தடுமாறிச் சொன்னார். "எல்லாரும் கொஞ்சம் வெளிய இருக்கட்டும். மேஜர்கிட்ட தனியா பேசணும்."

கூடம் காலியானது.

"அந்தக் கேப்டன்தான் எனக்கு வேணும்."

மேஜர் பதறினார். "ஐயோ சார், அவளுக்கு ஒரு வணக்கம்கூட சொல்லத் தெரியலையே!"

"ஏர்போர்ட்லேர்ந்து வழியெல்லாம் எங்க மொழியிலதான் பேசிட்டு வந்தாங்க. ஒரு எழுத்து பிசகல."

"அப்புறம் எதுக்கு சார் இங்க வந்து..."

ஜெனரல் போய்க் கதவைச் சாத்தினார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"என்னை முதல்ல மாமியாரேன்னு கூப்பிட்டது நீங்கதான், மேஜர்!"