உறங்குவோரின் ஆட்சேபணை

சித்திரை மாதத்து நடுப்பகலில், வெடித்துக் கிடந்த ஏரிக்குள் நகரமைப்புத் துறைக் கொக்கு தன் நீண்ட கால்களால் மனைகளை அளந்துகொண்டிருந்தது. சூல்கொண்ட வெள்ளெலி தன் மனைக்காகக் காத்து நின்றது. பாம்புகள் நடமாடும் வரப்பில் குட்டி போட அதற்கு மனமில்லை.

"காலி நிலம். குடியிருப்போரில் எவருக்கேனும் ஆட்சேபணை உண்டா?" என்று கொக்கு முறைப்படி கேட்டது.

"தவளைகளைக் கேளுங்கள், ஐயா. உங்கள் காலடி மண்ணுக்குள்தான் உறங்குகின்றன. மழை வந்தால்தான் எழும்," என்றது ஆமை.

"மழையில் கோடு போட்டால் அழிந்துவிடும், ஆமையாரே. அதனால் கோடையில்தான் அளப்போம். வராதவர்களுக்கு ஆட்சேபணை இல்லை என்று கொள்வது துறையின் வழக்கம்."

ஆமை மீண்டும் வாயைத் திறந்தது. வெள்ளெலி பதறிப்போய்ச் சீறியது: "சும்மா இருங்கள், அண்ணா! வீட்டை முதுகில் ஒட்டிக்கொண்டே பிறந்தவருக்கு என் வயிற்றுப் பாரம் என்ன தெரியும்?"

ஆமை தலையை உள்ளே இழுத்துக்கொண்டது. மண் மெத்தென்றிருந்த பள்ளத்திலேயே வெள்ளெலிக்கு மனை கிடைத்தது.

ஐப்பசியின் முதல் அடைமழையில் தவளைகள் விழித்துக் கத்தின. அவற்றின் ஆட்சேபணை அன்றுதான் வந்து சேர்ந்தது. மறுநாள் விடிவதற்குள் வெள்ளெலி, அங்கே ஈன்ற குட்டிகள் அத்தனையையும் நிறைந்த ஏரிக்குப் பறிகொடுத்துவிட்டது. அடுத்த சித்திரையில் துறை அதற்கு இழப்பீடாக வேறொரு மனை கொடுத்தது. அதுவும் வெடித்துக் கிடந்த ஓர் ஏரியில்தான்.